உப்பு நெல்லும் வாச நெல்லும்

அந்த மின்னஞ்சல் வந்தபோது அறையில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சைகோன் அலுவலகங்களில் மதியச் சாப்பாடு முடிந்ததும் விளக்கை அணைத்துவிடுவார்கள். மேஜைக்கு அடியிலிருந்து மடக்குக் கட்டிலை இழுத்துப் போட்டு, கண்ணுக்கு மேல் ஒரு துணியைப் போட்டுக்கொண்டு, தலைவர் முதல் வாசல் காவலர் வரை படுத்துவிடுவார்கள். எனக்கு அந்தப் பழக்கம் கடைசிவரை வரவில்லை. திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, வந்திருக்கும் கேள்விகளைப் படித்துக்கொண்டிருப்பேன்.

எழுதியவள் ஓர் ஆராய்ச்சி மாணவி. நாகப்பட்டினம் பக்கத்தில் ஒரு வேளாண் கல்லூரி. நாங்கள் அனுப்பிய நெல் விதையை முளைக்க வைத்து, அதன் மரபணுவில் ஒரு பகுதியைப் படித்துப் பார்த்திருக்கிறாள். அது எங்கள் இணையத்தளத்தில் இருப்பதோடு பொருந்தவில்லை. "என் தவறாகத்தான் இருக்கும். எந்த இடத்தில் தவறு செய்கிறேன் என்று சொல்ல முடியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தாள்.

இப்படிக் கடிதங்கள் நிறைய வரும். பெரும்பாலும் அனுப்பியவர் பக்கத்தில்தான் தவறு இருக்கும். விதையைச் சரியாகக் கழுவினீர்களா, பக்கத்துத் தொட்டியின் இலை கலந்திருக்குமா என்று வழக்கமான பதிலை அனுப்பினேன். பெயரைப் பார்த்துத் தமிழ்ப் பெண் என்று தெரிந்ததால் கடைசியில் தமிழில் ஒரு வரி சேர்த்தேன். "நானும் காரைக்கால்தான். சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள்."

நான் பார்த்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். நகரத்துக்குக் கிழக்கே, பெரிய நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி, ஒரு நெல் ஆராய்ச்சி நிலையம். வியட்நாமின் தெற்குப் பக்கத்தில் ஒரு காலத்தில் விளைந்த பழைய நெல் வகைகளின் விதைகளை அங்கே குளிர் அறையில் காப்பாற்றி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வகையின் மரபணுத்தொகுதியையும் முழுக்கப் படித்து, அதை இணையத்தில் ஒரு தரவுத்தளமாகப் போட்டிருந்தார்கள். நான்கே எழுத்துகள் மாறி மாறி வரும் கோடிக்கணக்கான வரிகள். எந்த நெல் மணக்கும், எது வெள்ளத்தில் நிற்கும், எது உப்பைத் தாங்கும் என்பதெல்லாம் அதோடு சேர்ந்திருக்கும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். பதிவுகளைச் சரிபார்ப்பதும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவதும் என் பொறுப்பு.

என் கணவருக்கு டான் சோன் நாட் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. அவரோடு வந்தவள் நான். காரைக்காலில் எங்கள் தெருவிலேயே சைகோனிலிருந்து திரும்பிய குடும்பங்கள் உண்டு. அவர்கள் பேச்சில் வரும் சைகோன், ஜவுளிக்கடையும் பிரெஞ்சுக்காரனும் கப்பலுமாக இருக்கும். நான் வந்து இறங்கியது மோட்டார் சைக்கிள்களின் ஊர். விமான நிலையத்தின் மதில் ஓரமாக ஒரு சந்துக்குள் வாடகை வீடு. ஒவ்வொரு விமானம் இறங்கும்போதும் பேச்சை நிறுத்திவிட்டு, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். எனக்கு இங்கே படிப்புக்கேற்ற வேலை கிடைக்கும் என்று இருவருமே நினைக்கவில்லை.

வேலை கொடுத்தவர் அந்தத் தரவுத்தளத்தைத் தொடங்கிய அம்மாள். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி, குட்டை முடி. போர் முடிந்த பிறகு வந்த பஞ்ச வருஷங்களில் பள்ளிக்கூடம் போனவர். அப்போது சோற்றில் பாதி மரவள்ளிக்கிழங்கு இருக்கும் என்று ஒருமுறை சொன்னார், அதற்கு மேல் சொல்லவில்லை. வியட்நாம் மொழியில் எல்லோருக்கும் பொதுவாக 'நீங்கள்' என்று ஒரு சொல் கிடையாது. வயதைக் கேட்டுக்கொண்டு முறை வைத்துத்தான் பேச வேண்டும். அவர் எனக்குச் 'சி', அதாவது அக்கா. நான் அவருக்கு 'எம்', தங்கை. முதல் வாரம் அந்தச் சொல்லைச் சொல்லவே நாக்குக் கூசியது. மரியாதைக்குரிய ஒருவரைப் பார்த்துத் தினமும் காலையில் 'சி' என்று எப்படிச் சொல்வது? வீட்டில் இதைச் சொன்னபோது கணவர் சிரித்துச் சிரித்துப் புரையேறினார். அப்புறம் பழகிவிட்டது. இங்கே அவரை அக்கா என்றே எழுதுகிறேன்.

மாணவி ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டாள். குரல் மிகவும் தணிவாக இருந்தது.

"மேடம், நீங்க சொன்னபடி திரும்பவும் செஞ்சு பார்த்துட்டேன். அதேதான் வருது."

"விதை எங்கே வச்சிருந்தீங்க?"

"உங்க கவர்லேர்ந்து வேற எதுக்கும் மாத்தவே இல்ல மேடம். அதுலேர்ந்தே எடுத்தேன். எங்க சார் நான் கலந்துட்டேன்னு சொல்றாரு. பெரிய தளத்துல இருக்கிறது தப்பாயிருக்காது, உன் கைதான் தப்புங்கிறாரு. லேப்ல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு."

கடைசி வரியில் குரல் உடையவில்லை. உடையாமல் சொன்னதுதான் எனக்கு என்னவோ செய்தது.

அவள் கேட்டிருந்த நெல், எங்கள் தளத்திலேயே அதிகம் பேர் தேடி வரும் பதிவு. மேகாங் ஆற்றின் கழிமுகத்தில், கடலோர ஊர்களில் விளைந்த பழைய ரகம். கோடையில் ஆற்றில் நீர் குறையும்போது கடல் மேலே ஏறி வரும். அந்த உப்புத் தண்ணீரிலும் பச்சையாக நிற்கும் நெல். நாங்கள் அதை உப்பு நெல் என்றே சொல்வோம். நாகப்பட்டினம் பக்கத்து வயல்களிலும் அதே கதைதான் என்பதால் அவள் அதைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

குளிர் அறையிலிருந்து அந்த வகையில் ஒரு பிடி விதை வாங்கி நானே முளைக்கப் போட்டேன். நாற்று வந்ததும் இலையைக் கிள்ளி, மரபணு வரிசையைப் படிக்கும் கூடத்துக்கு அனுப்பினேன். முடிவு வரும்வரை இதை யாரிடமும் பெரிதாகச் சொல்லவில்லை. சும்மா ஒரு சரிபார்ப்பு என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

முடிவு வந்த அன்று வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. உப்பு நெல் என்று தளத்தில் இருந்த வரிசைக்கும் என் நாற்றின் வரிசைக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் நாற்றின் வரிசை எங்கள் தளத்தில் வேறொரு பதிவோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தியது. அது பக்கத்து எண் கொண்ட ஒரு வாச நெல். சமைத்தால் தெருவே மணக்கும், உப்புப் பட்டால் இலை நுனியிலிருந்து கருகிவிடும். வாச நெல்லின் விதையையும் முளைக்க வைத்துப் பார்த்தேன். அதன் வரிசை உப்பு நெல்லின் பெயரில் இருந்தது. இரண்டும் இடம் மாறிக் கிடந்தன. தளம் தொடங்கிய நாளிலிருந்து அப்படியே கிடந்திருக்கின்றன.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "எங்க வேலையில லேபிள் மாறிட்டா முதல்ல பெட்டியை நிறுத்திடுவோம். யார் ஒட்டினதுங்கிறது அப்புறம்தான்," என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா உங்க அக்காகிட்ட எப்படிச் சொல்லப் போற?" என்று கேட்டார். அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் வெளிநாட்டிலிருந்து நிதி தருகிறவர்களின் குழு வந்து தளத்தைப் பார்வையிட இருந்தது. அவர்கள் தொடரலாம் என்றால்தான் எங்களில் பலருக்கு வேலை.

மறுநாள் மதியம், எல்லோரும் படுத்த பிறகு, அக்காவின் அறைக் கதவைத் தட்டினேன். அவரும் தூங்குவதில்லை. இரண்டு வரிசைகளின் படங்களையும் அவர் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"விதை மாறியிருக்கலாம்," என்றார்.

"விதை சரியா இருக்கு அக்கா. விளைஞ்ச வயல்ல எழுதி வச்ச குறிப்போட ஒத்துப்போகுது. இலைதான் மாறியிருக்கு. வரிசை படிக்க இலை எடுத்தபோது."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். அங்கிருந்து பார்த்தால் பின்பக்கத்து வலைக்குடில் தெரியும். நாற்றுத் தட்டுகளை வைக்கும் இடம்.

"இலை எடுத்த அந்த வருஷம் புயலில் குடிலின் கூரை விழுந்தது," என்றார். "தட்டுகள் எல்லாம் தரையில். பெயர்க் குச்சிகள் தனியாக மிதந்தன. ஆட்கள் யாரும் வர முடியவில்லை, சாலையில் இடுப்பளவு தண்ணீர். நான் ஒருத்திதான் இருந்தேன். எது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வைத்தேன்."

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"குழு வந்து போகட்டும்," என்றார். "அதன் பிறகு திருத்திவிடலாம். அமைதியாக."

"அந்தப் பொண்ணு அங்கே தினமும் திட்டு வாங்குறா அக்கா."

"ஒரு மாதம்தானே. எம், இங்கே எத்தனை பேருக்கு வீட்டு வாடகை இதில் வருகிறது என்று உனக்குத் தெரியும்."

தெரியும். எங்கள் வீட்டு வாடகையிலும் அது சேர்ந்திருந்தது. நான் இந்த நாட்டில் வேலை பார்ப்பதற்கான அனுமதியே அந்த நிலையத்தின் பெயரில்தான் இருந்தது. அக்கா அதைச் சொல்லி என்னை மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் எனக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. காலையில் சந்து முனையில் எல்லோரும் 'கொம் தாம்' சாப்பிடுவார்கள். நொய்யரிசிச் சோறு, மேலே பொரித்த முட்டை. நானும் அதைத்தான் சாப்பிடுவேன். அந்த நாட்களில் தட்டில் சோற்றைப் பார்த்தாலே, இது என்ன பெயரில் விற்கிறதோ, உண்மையில் எதுவோ என்று மனம் எங்கோ போகும். தளத்தில் அந்தப் பதிவைத் திறந்து பார்ப்பேன். கீழே சின்னதாக எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கும். யாரோ எங்கோ அதை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். தவறு என்று தெரிந்த பொருளைக் கையில் எடுத்து ஒவ்வொருவருக்காகக் கொடுத்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

மாணவியிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று பல தடவை ஃபோனை எடுத்தேன். சொன்னால் அவள் தன் பேராசிரியரிடம் சொல்வாள். அவர் கேட்பார், ஏன் தளத்தில் திருத்தவில்லை என்று. அக்காவுக்குத் தெரியாமல் அப்படிச் செய்ய மனம் வரவில்லை. "பார்த்துக்கிட்டிருக்கோம், கொஞ்சம் பொறுத்துக்குங்க," என்று மட்டும் எழுதினேன். அவள் "சரி மேடம், நன்றி" என்று பதில் போட்டாள்.

பிறகு ஒருநாள் அவளே கூப்பிட்டாள்.

"மேடம், நீங்க இனிமே எனக்காகச் சிரமப்பட வேண்டாம். சார் இந்த வேலையை வேற ஒரு பையன்கிட்டக் கொடுத்துட்டாரு. எனக்கு வேற தலைப்புத் தர்றேன்னு சொல்லியிருக்காரு."

"என்ன தலைப்பு?"

"நிலக்கடலை."

ஒரு விமானம் தலைக்கு மேல் இறங்கியது. அது போகும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. சத்தம் ஓய்ந்ததும் அவள், "ஏர்போர்ட் பக்கமா மேடம்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். 

அடுத்த நாள் காலை, அக்கா வந்து பையைக் கூட வைக்கவில்லை, பின்னாலேயே உள்ளே போனேன். பேசுவதை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். வியட்நாம் மொழியில் பேசினால் தங்கையாகத்தான் பேச முடியும், அதனால்.

"இன்றைக்கு அந்தப் பதிவில் எச்சரிக்கை போட வேண்டும். நீங்கள் போடச் சொன்னால் நல்லது. சொல்லாவிட்டால் நானே போடுவேன். பிறகு நீங்கள் என்னை அனுப்பிவிடலாம்."

அவர் முகம் சிவந்தது. "நான் இருபது வயதிலிருந்து இந்த விதைகளை ஊர் ஊராகப் போய்ப் பொறுக்கினவள்," என்றார். "நீ நேற்று வந்தவள். எனக்கு அந்த நெல்லின் மீது அக்கறை இல்லை என்றா சொல்கிறாய்?"

"அப்படிச் சொல்லல அக்கா." என்னை அறியாமல் பழைய முறைக்கே திரும்பியிருந்தேன். "யார் யாரெல்லாம் இதை வச்சு வேலை செய்யறாங்கன்னு பார்த்தீங்களா?"

அவருடைய கணினியில் அதைத் திறந்து காட்டினேன். உப்பு நெல்லின் மரபணுவிலிருந்து, உப்பைத் தாங்கும் இடத்துக்கு ஒரு குறியீடு எடுத்துப் போட்டிருந்தோம். பயிர் வளர்ப்பவர்களுக்கு அது பெரிய உதவி. நாற்று சிறியதாக இருக்கும்போதே ஓர் இலையைக் கிள்ளிப் பரிசோதித்தால் போதும். குறியீடு இருந்தால் அந்த நாற்றை வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் தூக்கி எறியலாம். பயிர் முற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்தக் குறியீட்டைத் திரும்பத் திரும்ப எடுத்தவர்களில் முதலாவதாக இருந்தது கழிமுகத்தில் ஒரு சிறிய விதைப்பண்ணை.

அக்கா அந்தப் பெயரைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு அது தெரியாத பெயர் அல்ல. அந்தப் பண்ணைக்காரர் கல்லூரியில் அக்காவோடு ஒரே வகுப்பில் படித்தவர். உப்பு நெல்லையும் வாச நெல்லையும் இணைத்து, உப்பிலும் நிற்கிற, மணக்கிற ஒரு புது ரகத்தை உருவாக்கப் பல வருஷமாக உழைத்துக்கொண்டிருந்தார். டெட்டுக்கு, அதாவது அவர்கள் புத்தாண்டுக்கு, ஒவ்வொரு வருஷமும் அக்காவுக்கு ஒரு குலை இளநீர் அனுப்பி வைப்பவர்.

நான் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அக்கா உதடு அசையாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது. உப்பைத் தாங்கும் குறியீடு என்று நாங்கள் கொடுத்தது வாச நெல்லின் குறியீடு. அதை வைத்துப் பண்ணைக்காரர் நாற்றுகளைப் பிரித்திருந்தால், வைத்துக்கொண்டதெல்லாம் உப்பில் கருகும் நாற்று. தூக்கி எறிந்ததுதான் அவர் தேடிய நாற்று.

"போன கோடையில் அவர் வயல் முழுக்கப் போய்விட்டது," என்றார் அக்கா. "இந்த வருஷம் உப்பு அதிகம் என்றார். நானும் ஆமாம் என்றேன்."

உடனே ஃபோனை எடுத்து அவரைக் கூப்பிட்டார். சைகோனுக்கு வர முடியுமா என்று கேட்டார். என்ன விஷயம் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். "நேரில் சொல்கிறேன்," என்றார். ஃபோனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பாமலே, "எச்சரிக்கையைப் போடு," என்றார்.

நான் என் மேஜைக்குப் போய் இரண்டு பதிவுகளுக்கு மேலேயும் சிவப்பில் எழுதினேன். 'இந்த வரிசை வேறு வகையினுடையது. பயன்படுத்த வேண்டாம். திருத்தம் நடக்கிறது.' எழுதி முடித்ததும் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. வாஷ்பேசினுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மாணவிக்கும் அவள் பேராசிரியருக்கும் சேர்த்து எழுதினேன். தவறு எங்களுடையது, முதலில் கண்டுபிடித்தது உங்கள் மாணவி என்று.

பண்ணைக்காரர் இரண்டு நாள் கழித்து பஸ்ஸில் வந்தார். கறுத்த, உயரமான மனிதர். சட்டையை மேல் பொத்தான் வரை போட்டிருந்தார். கையில் வழக்கமான இளநீர்க் குலை. அக்கா என்னையும் உடன் இருக்கச் சொன்னார். நான் காப்பி வாங்கி வந்து வைத்தேன். பனிக்கட்டி போட்ட காப்பி, அடியில் பால் தடிப்பாகத் தங்கியிருக்கும். அவர் அதைக் கலக்கிக்கொண்டே அக்காவைப் பார்த்தார்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. புயல், கூரை, தட்டுகள், பெயர்க் குச்சிகள் எல்லாவற்றையும் சொன்னார். அவர் சொன்ன வியட்நாம் மொழி எனக்கு முழுக்கப் புரிந்தது. அத்தனை மெதுவாகச் சொன்னார்.

பண்ணைக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்படியென்றால் நாங்கள் தூக்கிப் போட்டவை?" என்று கேட்டார்.

"அவற்றில்தான் இருந்தது."

"எல்லாவற்றிலுமா?"

"எல்லாவற்றிலும் இருக்காது. ஆனால் இருந்ததெல்லாம் அங்கேதான்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். வராந்தாவில் யாரோ மடக்குக் கட்டிலை இழுக்கும் சத்தம் கேட்டது.

"என் மனைவிதான் நாற்றுப் பிரிப்பாள்," என்றார் கடைசியில். "சோதனை முடிவு வந்ததும், வேண்டாததைப் பிடுங்கி வரப்பில் போடுவாள். சில நாற்று நன்றாகத்தானே இருக்கிறது, இதை ஏன் எறிய வேண்டும் என்று கேட்பாள். சைகோனில் படித்தவர்கள் சொல்கிறார்கள், எறி என்பேன்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"இணைத்த அப்பன் நெல், தாய் நெல் இரண்டின் இலையையும் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பியிருந்தால் முதல் வருஷமே தெரிந்திருக்கும்," என்று அவரே தொடர்ந்தார். "அதை எதற்கு அனுப்ப வேண்டும், அதுதான் உன் தளத்தில் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்." உன் தளத்தில் என்பதை அவர் அழுத்திச் சொல்லவில்லை. ஆனால் அக்காவின் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"மன்னிப்புக் கேட்கிறேன்," என்றார் அக்கா.

"கேட்டு என்ன செய்வது?" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டதுபோல் இருந்தது. "ஊரில் நான் என்ன சொல்வது? என்னை நம்பி நிலம் கொடுத்தவர்களிடம்?"

"நான் வருகிறேன். நானே சொல்கிறேன்."

அவரைச் சாப்பிட அழைத்தோம், வேண்டாம் என்றார். காப்பியும் அப்படியே இருந்தது. பனிக்கட்டி உருகி மேலே தண்ணீராக நின்றது. வாசல்வரை கூடப் போனேன். அங்கே ஒரு நிமிஷம் நின்று, "கண்டுபிடித்தது நீயா?" என்று கேட்டார். இந்தியாவில் ஒரு மாணவி என்றேன். "அவளிடம் சொல், தாமதமாகக் கண்டுபிடித்தாலும் கண்டுபிடித்தாள் என்று," என்று சொல்லிவிட்டு வாடகை மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார். திரும்பி வந்தபோது அக்கா அந்த இளநீர்க் குலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு யாரும் அதை வெட்டவில்லை.

குழு வந்தது. அக்கா திரையில் காட்டிய முதல் படத்திலேயே அந்தத் தவறைப் போட்டார். அவர் அப்படிச் செய்வார் என்று எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. கூடத்தில் இருந்த எங்கள் ஆட்களுக்கே அது அதிர்ச்சி. குழுவில் ஒருவர், "இதுபோல் வேறு எத்தனை இருக்கும்?" என்று கேட்டார். "தெரியாது. அதைப் பார்க்கத்தான் பணம் கேட்கிறேன்," என்றார் அக்கா. நேர்மைக்காக அவர்கள் எழுந்து கைதட்டவில்லை. குறித்துக்கொண்டார்கள். நன்றி சொல்லிவிட்டு நகரத்துக்குள் ஓட்டலுக்குப் போய்விட்டார்கள்.

சில வாரத்தில் பதில் வந்தது. எல்லாப் பதிவுகளையும் திரும்பச் சரிபார்க்க ஒரு வருஷத்துக்கு நிதி. அதன் பிறகு தளத்தை வெளிநாட்டில் உள்ள பெரிய தரவுத்தளத்தோடு இணைத்துவிட வேண்டும், தனியாக நடத்தத் தேவையில்லை. எங்கள் அறையில் பாதிப் பேருக்கு வேலை போயிற்று. பக்கத்து மேஜைப் பெண், தன் பிள்ளைக்குப் பால் பவுடர் வாங்குவதைப் பற்றி எப்போதும் பேசிக்கொண்டிருப்பவள். கடைசி நாளன்று என்னிடம் விடைபெறாமல் போனாள். எச்சரிக்கை போட்டது நான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அக்கா குழுவிடம் தானே சொன்னதுதான் காரணம் என்று நான் வாதாடியிருக்கலாம். அதனால் அவளுக்கு என்ன ஆகிவிடப் போகிறது.

அந்த ஒரு வருஷமும் நான் விதை விதையாக முளைக்க வைத்துச் சரிபார்த்தேன். இன்னும் ஒரு ஜோடி மாறியிருந்தது, அதே புயலில். அதை யாரும் பயன்படுத்தியிருக்கவில்லை.

திருத்தக் குறிப்பில் மாணவியின் பெயரைப் போட வேண்டும் என்றேன். "ஒரு பயனர்" என்று போட்டால் போதும் என்று நிர்வாகத்தில் சொன்னார்கள். அக்காதான் நேரே போய்ப் பேசிப் பெயரைப் போட வைத்தார். அவளுக்குத் தகவல் சொன்னேன். "பார்த்தேன் மேடம். அம்மாவுக்குக் காட்டினேன்," என்று எழுதினாள். பேராசிரியர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். நடந்ததைப் பற்றி எதுவும் சொல்லவில்லையாம். உப்பு நெல் வேலையைத் திரும்பக் கொடுக்கிறேன் என்றாராம், அவள்தான் வேண்டாம் என்றுவிட்டாள். நிலக்கடலையிலேயே பட்டம் வாங்கினாள். அதன் பிறகு பேச்சு குறைந்து, நின்றும் போயிற்று.

அக்கா சொன்னபடி கழிமுகத்துக்குப் போனார். நானும் கூடப் போக விரும்பினேன், வேண்டாம் என்றுவிட்டார். அங்கே என்ன நடந்தது என்று எனக்கு முழுதாகத் தெரியாது. திரும்பி வந்தபோது முகம் வீங்கியிருந்தது. ஒரு விஷயம் மட்டும் சொன்னார். பண்ணைக்காரரின் மனைவி, தூக்கி எறியச் சொன்ன காலத்துக்கு முந்தைய தலைமுறை விதையை ஒரு மண்பானையில் போட்டு மூடி வைத்திருந்தாராம். பழைய விதை, ஈரம் ஏறியிருந்தது. அக்கா கொண்டு வந்ததை எங்கள் குடிலில் முளைக்கப் போட்டோம். பெரும்பகுதி அழுகியது. ஓரிரு தட்டில் பச்சை தெரிந்தது. இந்தத் தடவை அப்பன் நெல்லின் இலையையும் தாய் நெல்லின் இலையையும் சேர்த்தே அனுப்பினோம்.

தளம் இணைந்து முடிந்ததும் நான் நகரத்தின் தாவோ தியென் பகுதியில் ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்ந்தேன். அங்கே பயிரும் இல்லை, விதையும் இல்லை, எண்கள் மட்டும். அக்கா ஓய்வு பெற்றுவிட்டார். சந்திக்கும்போது இன்னும் 'எம்' என்றுதான் கூப்பிடுவார். ஆனால் முன்போல் தோளில் கை போடுவதில்லை. நானும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

போன கோடையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தபோது அக்கா ஃபோனில் ஒரு படம் காட்டினார். கழிமுகத்திலிருந்து வந்தது. உப்பு ஏறிய வயல், வரப்போரம் வெள்ளை பூத்திருந்தது. நடுவில் சின்னப் பாத்தியில் நெல். அக்கா விரலால் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு இலையின் நுனியாகப் பார்த்துக்கொண்டே போனார். சில நுனிகள் பழுப்பாக இருந்தன, சில பச்சையாக இருந்தன.

"பண்ணைக்காரர் என்ன சொல்றாரு?" என்று கேட்டேன்.

"இன்னும் ஒரு போகம் பார்க்க வேண்டுமாம்," என்றார். "அதற்கு முன்னால் எதையும் எந்தத் தளத்திலும் ஏற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்."

ஃபோனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார். சாப்பாடு வந்தது. இருவரும் சாப்பிட்டோம்.